உடைப்பும் வறட்சியும்: நெருக்கடி நேரத்தில் ஆட்சி அமையாமல் இழுபடுவது ஏன்?

மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 1991ஆம் ஆண்டில் அதே ஜூன் 12 நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளாகவும் அமைந்தது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதால், எஞ்சிய கட்டங்களின் வாக்குப்பதிவு ஜூன் 12க்கும் 15க்கும் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. டெல்லியில் மார்ச் மாதமே பதவி விலகிவிட்ட சந்திரசேகர், அடுத்தவர் வரும்வரை பிரதமர் பொறுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலோ ஜனவரி இறுதியிலேயே ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் பிரதமரானார். ஜூன் 24 அன்று ஜெயலலிதா முதலமைச்சரானார். மறுநாளே, ஜூன் 25 அன்று, காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்கால ஆணையை வழங்கியது. கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேருமாறு திறந்துவிட வேண்டும் என்பது அந்த ஆணை. ஒரு வாரம் முன்னதாக அது வந்திருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போராடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு சென்னையிலும் இருந்திருக்காது. அதைச் செயல்படுத்தச் சொல்லும் முழு வலுவுள்ள அரசு டெல்லியிலும் இருந்திருக்காது.

அரசு என்ற ஒன்று இருக்கிறது, ஆனால் அதனால் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியவில்லை என்ற இந்த நிலையை முதன்முறையாகப் புரிந்துகொள்ள முயல்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. தேர்தல் முடிந்தும் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைப்பதிலும் உடன்பாடு வராமல், நாள்களும் வாரங்களும் கழிவதையே அரசியல் முட்டுக்கட்டை என்கிறோம். அதே வேளையில் போரோ, நோயோ, கடன் சுமையோ நாட்டின் கழுத்தை நெரித்தால், முட்டுக்கட்டையின் விலை பல மடங்காகிவிடுகிறது.

எண்ணிக்கையும் கடிதமும்

மக்களவையின் 543 இடங்களில் பாதியைத் தாண்டிய எண் 272. ஒரு கட்சி தனியாகவோ, தேர்தலுக்கு முன்பே அமைத்த கூட்டணியாகவோ அந்த எண்ணை எட்டிவிட்டால் சிக்கல் இல்லை. எட்டாதபோது யாரை முதலில் அழைப்பது என்பதை அரசமைப்புச் சட்டம் சொல்வதில்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் 75ஆவது பிரிவு கூறுவதோடு நிறுத்திக்கொள்கிறது. மீதியை மரபு நிரப்புகிறது. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் மாநில ஆளுநர்களுக்காக வகுத்த வரிசை இதில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது: தேர்தலுக்கு முந்தைய கூட்டணி முதலில், பிறரின் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி அடுத்து, தேர்தலுக்குப் பின் சேர்ந்து எல்லோரும் ஆட்சியில் பங்கேற்கும் கூட்டணி அதற்கடுத்து, சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் ஏற்பாடு கடைசியில்.

நடைமுறை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1996இல் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சியின் தலைவரான வாஜ்பாயை அழைத்தார். பெரும்பான்மை திரளாததால் அந்த அரசு 13 நாள்களில் முடிந்தது. 1998இல் அப்பதவியில் இருந்த கே. ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் காட்டுமாறு முதலிலேயே கேட்டார். அந்த ஆண்டு மார்ச் மாதம், 18 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அ.தி.மு.க.வின் கடிதம் வந்து சேரும்வரை டெல்லி காத்திருக்க நேர்ந்தது. கடிதம் எதைக் காட்டினாலும், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பது அவையில் நடக்கும் வாக்கெடுப்பில்தான் தீர வேண்டும் என்று கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மை தொடர்ந்த வழக்கில் 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

‘வெளியிலிருந்து ஆதரவு’ என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்க்கும் புதியவர்கள் அதன் பொருளில் தடுமாறுவதுண்டு. அவையில் வாக்களிப்போம், அமைச்சர் பதவி ஏற்க மாட்டோம் என்பதே அது. குடிமராமத்துக்கு ஆள் அனுப்பாமல், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தன் முறையை மட்டும் கேட்பவரை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஏறத்தாழ அதே கணக்குதான். ஆட்சியின் கெட்ட பெயரில் பங்கில்லை, ஆட்சியைக் கவிழ்க்கும் உரிமை மட்டும் கையில் இருக்கும். சந்திரசேகர், தேவ கவுடா, குஜ்ரால் ஆகிய மூவரின் அரசுகளும் காங்கிரஸின் இத்தகைய ஆதரவில் நின்றவை. மூன்றில் எதுவும் ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை.

நெருக்கடி ஏன் கட்சிகளைச் சேர்த்துவைப்பதில்லை?

நாட்டுக்கே ஆபத்து என்றால் எல்லோரும் சேர்ந்துகொள்ள வேண்டாமா என்பது எளிய மக்கள் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் காண, டெல்டாவில் வாழ்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று கருதுகிறேன். நமக்கு வரும் துன்பங்கள் இரண்டு வகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெண்ணாற்றின் கரையோ கொள்ளிடத்தின் கரையோ உடைத்துக்கொண்டால், கட்சியும் தெருவும் பார்க்காமல் மணல் மூட்டையையும் சவுக்குக் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஆள்கள் ஓடுவார்கள். உடைப்பை அடைக்காவிட்டால் எல்லோருடைய வயலும் மூழ்கும், அடைத்தால் எல்லோருடைய வயலும் பிழைக்கும். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கி, முறைவைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில் நிலைமை வேறு. தலைமடையில் ஒரு நாள் கூட்டினால் கடைமடையில் ஒரு நாள் குறைகிறது. அப்போது கூட்டம் போடலாம், பேசலாம். ஆனால் யாருடைய பயிர் கருகுவது என்ற கேள்விக்கு ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட யாரும் முன்வருவதில்லை.

அரசியலிலும் போரும் தொற்றுநோயும் உடைப்பைப் போன்றவை; கடன் நெருக்கடி வறட்சியைப் போன்றது. முதல் வகையில் இழப்பு பொதுவானது, ஆகவே சேர்வது எளிது. இரண்டாவது வகையில் இழப்பைப் பங்கிட வேண்டியிருக்கிறது: ஓய்வூதியத்தைக் குறைப்பதா, வரியை உயர்த்துவதா, மானியத்தை நிறுத்துவதா, யாருடையதை? அப்படிப்பட்ட ஆட்சியில் பங்கேற்பவர் அடுத்த தேர்தலில் அடிவாங்குவார் என்பது கட்சிகளுக்குத் தெரியும். ஆகவே நெருக்கடி முற்றமுற்ற ஆட்சியில் சேரும் ஆசை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது.

கிரேக்க நாட்டின் 2012ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குத் தெளிவான சான்று. கடன் கொடுத்தவர்கள் விதித்த சிக்கன நிபந்தனைகளால் மக்கள் கொதித்திருந்த வேளையில், மே 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. நாடாளுமன்றத்தின் 300 இடங்களில், நிபந்தனைகளை ஏற்றிருந்த இரண்டு பழைய பெருங்கட்சிகளான புதிய ஜனநாயகமும் பாசோக்கும் முறையே 108, 41 இடங்களைப் பெற்றன. கூட்டினால் 149, தேவைப்பட்டது 151. இரண்டே இரண்டு இடங்கள் குறைந்தன. அந்நாட்டு விதிப்படி முதல் மூன்று கட்சிகளின் தலைவர்களுக்கும் ஒருவர் பின் ஒருவராக மூன்று மூன்று நாள்கள் கொடுக்கப்பட்டன, யாராலும் முடியவில்லை. நிபந்தனைகளை எதிர்த்து 52 இடங்கள் பெற்ற சிரிசா கட்சிக்கு, உள்ளே போய் அவற்றைச் சுமப்பதைவிட வெளியே நின்று அடுத்த தேர்தலைச் சந்திப்பது இலாபமாகத் தெரிந்தது. உயர் நீதிபதி ஒருவர் காபந்துப் பிரதமராக, அதாவது அடுத்த அரசு வரும்வரை பொறுப்பைக் கவனிப்பவராக, அமர்த்தப்பட்டு, ஜூன் 17 அன்று மறுதேர்தல் நடந்தது. அதில் சிரிசாவின் இடங்கள் 71 ஆயின என்பதிலிருந்து அதன் கணக்கு தவறவில்லை என்பதை அறியலாம். புதிய ஜனநாயகமும் 129 இடங்களுக்கு உயர்ந்தது. பாசோக்கையும் இன்னொரு சிறிய கட்சியையும் சேர்த்துக்கொண்டு அன்டோனிஸ் சமராஸ் ஆட்சி அமைத்தார். பாசோக் இரண்டு தேர்தல்களிலும் சிறுத்துக்கொண்டே போனது. முன்பு கையெழுத்துப் போட்ட கை அது.

கோடியக்கரைக்கு அக்கரையில் நடந்ததையும் இந்த இடத்தில் நினைவுகூரலாம். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையின் அமைச்சர்கள் கூட்டமாகப் பதவி விலகினார்கள். எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அரசு அமைக்க வாருங்கள் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மறுநாள் அழைத்தார், எதிர்க்கட்சிகள் மறுத்துவிட்டன. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நிற்கும்போது மறுப்பது பொறுப்பின்மை என்று ஒரு பக்கம் சொல்லலாம். எவருடைய ஆட்சியில் நாடு திவாலானதோ அவரையே தலைமையில் வைத்துக்கொண்டு அந்தப் பழியைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வது எந்த வகை நியாயம் என்று மறுபக்கமும் கேட்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு. எனக்கு இரண்டாவது கேள்விதான் வலுவானதாகத் தோன்றுகிறது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே 9 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்ச விலக, மூன்று நாள் கழித்து அவருடைய இடத்துக்கு வந்த ரணில் விக்ரமசிங்கவின் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பெரும்பான்மை வைத்திருந்தவர்களுக்கு முகம் இல்லை, முகம் காட்டக்கூடியவருக்குப் பெரும்பான்மை இல்லை என்ற அந்த விசித்திர ஏற்பாடும், ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து கோட்டாபய நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே ஒரு நிலைக்கு வந்தது. ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலையே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

உடைப்பு வகை நெருக்கடிகளில்கூடத் தகராறு இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறு இடத்தில் எழுகிறது. 1940 மே மாதம் ஹிட்லரின் படைகள் மேற்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்தபோது, பிரிட்டனின் தொழிற்கட்சி கூட்டணி அரசில் சேரத் தயாராகவே இருந்தது; சேம்பர்லினின் கீழ் பணியாற்ற மட்டும் மறுத்தது. மே 10 அன்று சர்ச்சில் வந்தார், கூட்டணியும் அமைந்தது. சேர்வதா என்ற கேள்வி அங்கே எழவில்லை. யார் தலைமையில் என்பதே கேள்வி.

காபந்து அரசின் எல்லை

ஆட்சி அமையாத நாள்களில் நாடு ஆளின்றிக் கிடப்பதாக நினைப்பது தவறு. மக்களவை கலைக்கப்பட்ட பிறகும் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனையின்றித் தாமாக ஆள முடியாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பதவி விலகிய அமைச்சரவை, அடுத்தது வரும்வரை தொடர வேண்டும். இதையே காபந்து அரசு என்கிறோம். சம்பளம் போடும், ரயில் ஓட்டும், எல்லையைக் காக்கும். புதிய கொள்கை வகுப்பதும் நெடுங்காலச் சுமையை ஏற்றிவைப்பதும் கூடாது என்பது மரபு. மதகைக் காக்கும் லஸ்கர், வெள்ளம் வந்தால் அடைப்பலகையைத் தூக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை; எந்த வாய்க்காலுக்கு எத்தனை பங்கு என்பதை அவர் மாற்றியமைக்க முடியாது.

எது அன்றாடப் பணி, எது கொள்கை என்று பிரிக்கும் கோடு தாளில்தான் நேராக இருக்கிறது. 1991ஐ மீண்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய 120 கோடி டாலராகச் சுருங்கி, சில வார இறக்குமதிக்கே போதுமான நிலைக்கு வந்தது. முழு பட்ஜெட் போடத் தேவையான அரசியல் வலு சந்திரசேகர் அரசுக்கு இல்லாததால், மார்ச் மாதம் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா இடைக்கால பட்ஜெட் மட்டுமே தாக்கல் செய்தார். சில மாதச் செலவுக்கு அவையின் ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு அது. இரண்டு நாளில் பிரதமர் விலகினார். மே மாதம், காபந்து அரசாக இருந்தபோதே, 20 டன் தங்கம் பாரத ஸ்டேட் வங்கி வழியாக சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு டாலர் பெறப்பட்டது. குறுவைச் செலவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கும் குடும்பத்துக்கு இந்த முடிவின் வலி புரியும். தங்கத்தை அனுப்புவது அன்றாடப் பணியா? நிச்சயமாக இல்லை. ஆனால் அனுப்பாவிட்டால் வெளிநாட்டுக் கடன் தவணை தவறியிருக்கும். அந்த இழுக்கைப் புதிய அரசின் தலையில் சுமத்துவதும் ஒரு கொள்கை முடிவுதான். ரூபாயின் மதிப்பைக் குறைப்பது, தொழில் உரிம முறையைத் தளர்த்துவது போன்ற பெரிய மாற்றங்களுக்கு ஜூலை வரை, புதிய அரசு வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் ஏறக்குறைய 47 டன் தங்கம் அந்த ஜூலையில் இங்கிலாந்து வங்கிக்குப் போனது.

1999 இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஏப்ரல் 14 அன்று அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. மாற்று அரசு அமைக்கத் தம்மிடம் 272 பேர் இருப்பதாக சோனியா காந்தி கூறினார். முலாயம் சிங் யாதவ் ஆதரிக்க மறுத்ததால் அந்த எண் திரளவில்லை. ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் தெரியவந்தது. ஜூலை 26 வரை நீண்ட அந்தப் போரை நடத்தியது அவையின் நம்பிக்கையை இழந்த ஓர் அரசு. போர் நடத்த உனக்கு அதிகாரம் ஏது என்று யாரும் வழக்காடவில்லை. உடைப்பை அடைக்க லஸ்கரிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. அதே கோடையில், தொலைபேசி நிறுவனங்களின் உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்ற அதே அரசு முடிவெடுத்தபோது மட்டும் எதிர்ப்பு கிளம்பியது. குடியரசுத் தலைவரும் விளக்கம் கேட்டார். காபந்து அரசின் எல்லை எங்கே என்று கேட்பவர்களுக்கு, இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

முடிச்சு அவிழும் விதம்

பெல்ஜியத்தில் 2010 ஜூன் 13 அன்று தேர்தல் நடந்தது. அரசு அமைந்தது 2011 டிசம்பர் 6 அன்று. இடைப்பட்ட காலம் 541 நாள்கள். டச்சு மொழி பேசுவோரும் பிரெஞ்சு மொழி பேசுவோரும் அதிகாரத்தையும் நிதியையும் பங்கிடுவதில் உடன்படவில்லை. காபந்துப் பிரதமர் ஈவ் லெத்தெர்ம் அதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமைப் பொறுப்பை நடத்தி முடித்தார். நாடாளுமன்ற ஒப்புதலோடு லிபியாவுக்குப் போர் விமானங்களையும் அனுப்பினார். இப்படியே ஓடிவிடும் என்றுதான் தோன்றியது. 2011 நவம்பர் 25 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் நாட்டின் கடன் தரமதிப்பீட்டைக் குறைத்தது. மறுநாள் பட்ஜெட் உடன்பாடு எட்டப்பட்டது. ஒன்றரை ஆண்டாக அவிழாத முடிச்சை ஒரு வெளியார் அறிவிப்பு ஒரே நாளில் இளக்கியது என்று சொன்னால் அது சற்று மிகைதான், பேச்சு முன்பே கனிந்துவந்தது. ஆனால் வட்டி ஏறும் என்ற அச்சம் வந்த பிறகு, உள்ளே வருவதைவிட வெளியே நிற்பது செலவு மிக்கதாகிவிட்டது.

அதே நாட்டில் 2019 மே தேர்தலுக்குப் பிறகும் ஆட்சி அமையாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. இம்முறை உடைப்பு வகை. 2020 மார்ச் மாதத்தில் எதிர்க்கட்சிகள் பலவும் சேர்ந்து, சோஃபி வில்மெஸின் சிறுபான்மை அரசுக்கு நோயைச் சமாளிப்பதற்கான சிறப்பு அதிகாரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு அளித்தன. முழுக் கூட்டணி அக்டோபரில்தான் அமைந்தது. கூட்டணி அமையாமலேயே நெருக்கடியைக் கையாள ஒரு வழி உண்டு என்பதற்கு இது சான்று: காலக்கெடுவும் பணியும் வரையறுக்கப்பட்ட ஆதரவு.

ஜெர்மனி வேறொரு தடுப்பணை கட்டிவைத்திருக்கிறது. அங்கே அடுத்த பிரதமர் யார் என்பதை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்காமல், இருக்கும் பிரதமரை அவை நீக்க முடியாது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அந்த வழியில்தான். அத்தகைய விதி நம்மிடம் இருந்திருந்தால், 1999 ஏப்ரலில் 270 பேரும் சேர்ந்து ஒரே பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர்களால் சொல்லியிருக்க முடியாது என்பதை அடுத்த ஒன்பது நாள்கள் காட்டின.

டெல்டாவிலிருந்து பார்க்கும்போது

கூட்டணி ஆட்சிகளின் காலத்தில் இந்தப் பகுதி டெல்லிக்கு வெகு அருகில் இருந்தது. கபிஸ்தலத்தைச் சேர்ந்த ஜி. கே. மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் 1996இல் 20 இடங்களை வென்றது. 1997 ஏப்ரலில் தேவ கவுடா அரசு விழுந்தபோது மூப்பனாரின் பெயரே பிரதமர் பதவிக்குப் பேசப்பட்டது. சிறிய கட்சிகளின் பேரம் என்று வடக்கே எரிச்சலோடு எழுதப்பட்டதில், எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களின் கோரிக்கையும் சில நேரம் ஏறிப் போனது என்பதை மறக்கக் கூடாது. 1991ஆம் ஆண்டின் இடைக்கால ஆணையைச் செயல்படுத்த ஓர் அமைப்பு 1998 ஆகஸ்டில்தான் வந்தது; அப்போது டெல்லி அரசு தமிழகக் கட்சிகளின் ஆதரவை நம்பி நின்றது. நீதிமன்றத்தின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் அந்தக் காவிரி நதிநீர் ஆணையத்தின் தலைவர் பிரதமர். உறுப்பினர்கள் நான்கு படுகை அரசுகளின் முதலமைச்சர்கள். எட்டே மாதத்தில் டெல்லி அரசு கவிழ்ந்தபோது, ஆணையத்தின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் காபந்துப் பிரதமர். காவிரியின் பங்கீடு என்பது வறட்சி வகை முடிவு. அவையின் நம்பிக்கையை இழந்த ஒருவர் அதில் யாரையும் வற்புறுத்த முடியாது.

டெல்லியில் ஆட்சி அமையாமல் இழுத்தால் மேட்டூர் திறப்பது நின்றுபோகுமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நிற்காது. அணையைத் திறப்பது மாநில அரசு. கர்நாடகம் மாதந்தோறும் விட வேண்டிய தண்ணீரைக் கவனிக்கும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம், 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அதிகாரிகளையும் பொறியாளர்களையும் கொண்டதாக அமைக்கப்பட்டது. பிரதமர் யார் என்று தெரியாத மாதத்திலும் அது கூடி அளவைக் குறிக்கலாம். ஒரு மாநிலம் ஒத்துழைக்க மறுத்தால் மட்டும் அந்த ஆணையம் மத்திய அரசின் உதவியை நாட வேண்டும். அந்தக் கோப்பு டெல்லிக்குப் போய்ச் சேரும் நாளில், அதைப் பிரித்துப் பார்க்கும் அமைச்சருக்கு 272 பேரின் ஆதரவு இருக்கிறதா என்பது கோடியக்கரைப் பக்கத்து வயலுக்கும் வந்து சேரும் கேள்வி.